சிவந்ததெல்லாம் க்ஷயம் அல்ல

வியாதிக்கு மருந்து தேடுவதற்கு முன்னால் அதற்கு ஒரு பெயர் தேட வேண்டியிருக்கிறது. பெயர் சரியாக அமைந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. பெயர் தவறிப் போனாலோ, மருந்து எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் விலாசம் மாறிப் போன கடிதத்தைப் போல அலைய வேண்டியதுதான். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கதி சுலபமாகப் புரியும். ஒரு பாத்திரத்தைப் பொல்லாதவள் என்று முதல் அத்தியாயத்தில் அறிமுகப்படுத்திவிட்டால், அப்புறம் அவள் எத்தனை நல்ல காரியம் செய்தாலும் வாசகர்கள் நம்பமாட்டார்கள். நோயாளிகளின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான்.

க்ஷயரோகம் என்பது நம் நாட்டில் வைத்தியர்கள் மட்டும் வழங்கும் சொல்லாக இருந்ததில்லை. அது ஒரு தீர்ப்பு. எலும்புருக்கி, காசம், டி.பி. என்று எந்தப் பெயரில் சொன்னாலும் தீர்ப்பு ஒன்றே. வீட்டில் தம்ளர் தனியாகப் பிரிந்துவிடும். பாய் திண்ணைக்குப் போய்விடும். நிச்சயமான கல்யாணம் நின்றுவிடும். எங்களைப் போன்ற கதாசிரியர்களுக்கோ அது பெரிய உபகாரம் செய்த வியாதி. காதலில் தோற்ற கதாநாயகியைக் கடைசி அத்தியாயத்தில் இரண்டு தடவை இருமவைத்து, முந்தானையில் ஒரு துளி ரத்தத்தைக் காட்டிவிட்டால் போதும்; மீதிக் கதையை வாசகர்களின் கண்ணீர் எழுதிக்கொள்ளும்.

இந்தத் தீர்ப்புக்குச் சாட்சியாக நின்றது எது என்று யாரும் அதிகமாக விசாரிப்பதில்லை. மைக்ராஸ்கோப்பின் அடியில் தெரியும் ஒரு சிவப்புக் குச்சிதான் அந்தச் சாட்சி. ஆனால் அதே சிவப்பு உடுப்பை அணிந்துகொண்டு, அதே நுரையீரலில் குடியிருந்துகொண்டு, க்ஷயத்தின் பெயரால் வெகுகாலம் நடமாடிய வேறு சில கிருமிகளும் உண்டு. அவற்றை இனம் கண்டுபிடித்த கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த அந்தக் கதை நம்முடைய திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களையும் தொட்டுக்கொண்டு போகிறது.

1882-ஆம் வருஷம் மார்ச் மாதம் 24-ஆம் தேதி மாலை, பெர்லின் நகரத்து உடலியல் சங்கத்தில் ராபர்ட் காக் என்ற டாக்டர் எழுந்து, க்ஷயரோகத்தை உண்டாக்குவது இன்ன கிருமிதான் என்று நிரூபித்துக் காட்டினார். பரம்பரை, பாவம், மனத்தின் ஏக்கம், ஈரக் காற்று என்று அதுவரை சொல்லி வந்த காரணங்களுக்கெல்லாம் அன்று மவுசு குறைந்துவிட்டது. அந்தக் கிருமியோ சுலபத்தில் கண்ணுக்குப் பிடிபடுகிற பேர்வழி அல்ல. அதன் உடம்பைச் சுற்றி மெழுகு மாதிரி ஒரு கொழுப்புப் பூச்சு. சாதாரணச் சாயம் அதில் ஏறாது. காக்குக்குப் பிறகு எர்லிக், ஸீல், நீல்ஸன் என்ற மூன்று ஜெர்மானியர்கள் சாயம் ஏற்றும் வித்தையைத் திருத்தி அமைத்தார்கள். ஒரு சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடு காட்டினால் அது மெழுகைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. போன சாயம் பிறகு அமிலத்தை விட்டுக் கழுவினாலும் வெளியே வருவதில்லை. மற்றக் கிருமிகளெல்லாம் கழுவலில் வெளுத்துப்போகும். இது மட்டும் நீலத் தரையில் சிவந்த சிறு குச்சியாகக் கிடக்கும்.

உலகத்திலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் இது பெரிய வரப்பிரசாதம். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் அன்றைக்கே விடை கிடைத்துவிடும். மலிவான முறை, எந்தச் சிற்றூரிலும் செய்யலாம். இன்று வரை எத்தனையோ லட்சம் உயிர்களைக் காப்பாற்றிய முறை. அதைக் குறை சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற உலகம், சிவந்ததெல்லாம் க்ஷயம் என்று நம்புவதை மட்டும் நெடுநாள் சகஜமாக வைத்துக்கொண்டிருந்தது.

உண்மையில் அந்த மெழுகுச் சட்டை ஒரு கிருமிக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அது ஒரு பெரிய குலத்தின் குலச் சின்னம். 1873-லேயே நார்வே தேசத்து ஹான்ஸன் கண்டுபிடித்த குஷ்டரோகக் கிருமியும் அந்தக் குலந்தான். பிறகு புல்லில், வெண்ணெயில், மண்ணில், கோழியில் என்று ஒவ்வோர் இடத்திலும் அந்தக் குலத்துப் பங்காளிகள் அகப்பட்டார்கள். பறவைகளுக்கு க்ஷயம் உண்டாக்கும் கிருமிக்கு 1901-ல் 'மைகோபாக்டீரியம் ஏவியம்' என்று பெயர் வைத்தார்கள். பொதுவாக இவற்றைப் போலிகள் என்று ஒதுக்கிவிட்டார்கள் விஞ்ஞானிகள். சளியில் அகப்பட்டால், எங்கிருந்தோ தூசியோடு வந்து ஒட்டிக்கொண்டது என்று எறிந்துவிடுவார்கள்.

இந்தப் பங்காளிகளில் ஒன்று கொஞ்ச காலம் உலகப் புகழும் அடைந்தது. 1903-ல் பெர்லினில் ஃப்ரீட்மன் என்ற டாக்டர், மீன் காட்சிச்சாலையில் வளர்ந்த கடல் ஆமைகளின் நுரையீரலில் இப்படி ஒரு கிருமியைக் கண்டெடுத்தார். ஆமையின் கிருமி மனிதனை ஒன்றும் செய்யாது, ஆகவே அதையே ஊசி வழியாக ஏற்றி மனிதனுடைய க்ஷயத்தைக் குணப்படுத்திவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. 1913-ல் அந்த மருந்தோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பத்திரிகைகள் அவரை அவதார புருஷராகவே வரவேற்றன. நோயாளிகள் கூட்டம் கூட்டமாக நியூயார்க்கில் வந்து காத்துக் கிடந்தார்கள். சர்க்கார் டாக்டர்கள் சோதித்துப் பார்த்தபோது, அவர் சொன்ன பலன் அந்த மருந்தில் இல்லை என்று தெரிந்தது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம் ஊரில் சொல்வார்கள். ஃப்ரீட்மனின் ஆமை எத்தனை ஏழை நோயாளிகளின் நம்பிக்கைக்குள் புகுந்து வெளியே வந்ததோ! அந்தக் கிருமி இன்றும் இருக்கிறது. கிரேக்க மொழியில் ஆமைக்கு வழங்கும் சொல்லை வைத்து 'கெலோனே' என்று அதற்குப் பெயர். மனிதனை ஒன்றும் செய்யாது என்று அவர் சொன்னதும் சரியல்ல. தோலிலும் காயத்திலும் புகுந்து அது தொந்தரவு செய்வதுண்டு.

இந்தப் போலிகள் நிஜமான வியாதியையே உண்டாக்குகின்றன என்ற உண்மை எப்போது வெளிப்பட்டது தெரியுமா? க்ஷயத்துக்கு மருந்து கிடைத்த பிறகுதான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மருந்தே இல்லாத காலத்தில் எல்லா நோயாளிகளும் ஒன்றுபோலத்தான் மெலிந்தார்கள், ஒன்றுபோலத்தான் இருமினார்கள். சானடோரியத்துப் படுக்கைகளில் யாருக்கு எந்தக் கிருமி என்று பிரித்துப் பார்த்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. 1944-ல் ஸ்ட்ரெப்டோமைஸின் வந்தது. அதை அடுத்து பி.ஏ.எஸ். வந்தது. 1952-ல் ஐஸோநியாஸிட் வந்தது. படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், எடை ஏறியது, சளியில் சிவப்புக் குச்சிகள் மறைந்தன. அப்போதுதான் எழுந்திருக்காத சிலர் டாக்டர்களின் கண்ணில் பட்டார்கள். ஏரியில் தண்ணீர் வற்றினால்தானே அடியில் கிடக்கும் பாறை தெரியும்?

மருந்து ஏன் பிடிக்கவில்லை என்று அறிய, சளியிலுள்ள கிருமியைச் சோதனைச்சாலையில் பயிர் செய்து பார்த்தார்கள். முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து கெட்டியாக்கிய ஊணின்மேல் க்ஷயக் கிருமியை விதைத்தால், அது சில வாரங்கள் கழித்துச் சந்தன நிறத்தில் சொரசொரப்பாக முளைக்கும். இந்த நோயாளிகளின் குப்பிகளிலோ வேறு பயிர் முளைத்தது. சிலவற்றில் மஞ்சள், சிலவற்றில் ஆரஞ்சு, சிலவற்றில் வழவழப்பான வெண்மை. க்ஷயக் கிருமியை ஊசியில் ஏற்றினால் கினிப் பன்றிகள் நிச்சயமாகச் செத்துப்போகும். இந்தக் கிருமிகளை ஏற்றியபோது அவை பெரும்பாலும் சுகமாக இருந்தன.

1953-ல் அமெரிக்காவில் கான்ஸஸ் நகரத்தைச் சேர்ந்த புலர், போலாக் என்ற இரு டாக்டர்கள் இப்படிப்பட்ட இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்கு அகப்பட்டது ஒரு மஞ்சள் கிருமி. இருட்டில் வளர்த்தால் நிறமில்லாமல் இருக்கும். வெளிச்சம் பட்டதும் மஞ்சளாக மாறிவிடும். ஊரின் பெயராலேயே 'கான்ஸஸி' என்ற நாமகரணம் அதற்கு நடந்தது.

அதே காலத்தில் ஜார்ஜியா மாகாணத்தில் ரோம் என்ற சிற்றூரில் இருந்த பெரிய க்ஷயரோக ஆஸ்பத்திரியிலும் இந்தக் குழப்பம் தலைகாட்டியது. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் பாட்டி. தமிழில் எழுதினால் நம் வீட்டுப் பாட்டி நினைவுக்கு வருகிறாள்; நிஜத்தில் அது ராபர்ட் பாட்டி என்ற பழைய அறுவை வைத்தியரின் குடும்பப் பெயர். அங்கே வந்த நோயாளிகளில் பலருடைய சளியில் மஞ்சளாக மாறாத வெண்ணிறக் கிருமி ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. 'பாட்டிக் கிருமி' என்றே அதை அழைத்தார்கள். பறவைகளின் ஏவியம் கிருமிக்கு அது மிக நெருங்கிய உறவு. க்ஷயத்துக்கு உள்ள மருந்துகளில் பெரும்பாலானவற்றை அது லட்சியமே செய்யவில்லை. எத்தனையோ பேருக்கு நுரையீரலில் கெட்டுப்போன பகுதியை அறுத்து எடுப்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் இருந்தது.

இதைவிட முக்கியமான வேறோர் உண்மையும் மெள்ள மெள்ளத் தெளிவாயிற்று. இந்தக் கிருமிகள் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. மனைவியின் இருமலிலிருந்து கணவனுக்கு வருவதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு வருவதில்லை. இவற்றின் சொந்த வீடு தண்ணீரும் மண்ணும். வாசகர்கள் இதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். க்ஷயம் தொற்றும் என்பதற்காகத்தானே நோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தோம்? தொற்றாத வியாதி உள்ள ஒருவரை, குழந்தைகளிடமிருந்து பிரித்து, நிஜமான க்ஷயம் உள்ளவர்கள் நிறைந்த வார்டில் மாதக்கணக்கில் படுக்கவைத்தால் என்ன ஆகும்? அவரால் யாருக்கும் ஆபத்து இல்லை. மற்றவர்களால்தான் அவருக்கு ஆபத்து. இத்தனைக்கும் யாரும் அவருக்குத் தீங்கு நினைக்கவில்லை. ஒரு பெயர் மாறிப்போயிற்று, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தவர் எர்னஸ்ட் ரன்யன். அடிப்படையில் அவர் தாவர இயல் படித்தவர். இலையையும் வித்தையும் பார்த்துச் செடியை இனம் பிரிக்கிற பயிற்சி அவருக்கு இங்கே கைகொடுத்தது போலும். 1954-ல் டிம்பி என்ற அம்மையாரோடு சேர்ந்தும், பிறகு 1959-ல் விரிவாகவும், இந்தக் கிருமிகளை அவர் நான்கு வகுப்பாகப் பிரித்தார். வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிறவை ஒரு வகுப்பு. இருட்டிலும் நிறம் காட்டுகிறவை இரண்டாவது. எதற்கும் நிறம் மாறாதவை மூன்றாவது. வாரக்கணக்கில் காக்கவைக்காமல் ஏழு நாளுக்குள் முளைத்துவிடுகிறவை நான்காவது. நிறமும் வேகமுந்தான் கணக்கு. எந்தச் சோதனைச்சாலையிலும் செய்து பார்க்கக்கூடிய எளிய முறை. 1959-ல் எழுதிய கட்டுரையில் இவற்றை அவர் பெயரில்லாக் கிருமிகள் என்று குறிப்பிட்டார். பெயரில்லாமல் இருந்ததுதானே இத்தனை அவஸ்தைக்கும் காரணம்!

இனி நம் ஊருக்கு வருவோம். 1956-ல் சென்னையில் க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஆரம்பமாயிற்று. அதன் முதல் ஆராய்ச்சியில் 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியைத் தங்கள் ஏழைக் குடிசைகளிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் பலன் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. 1959-ல் வெளியான அந்த முடிவு, நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்கும் வழக்கத்தை உலகம் முழுவதும் அசைத்துவிட்டது. சென்னை உலகத்துக்குச் சொன்ன பெரிய செய்தி இது.

இரண்டாவது செய்தி அவ்வளவு இனிப்பானது அல்ல. க்ஷயத்தைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளை நன்றாகக் காப்பாற்றியிருந்தது. நம் நாட்டில் எப்படி என்று பார்க்க, அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் திருவள்ளூரைச் சுற்றிய பகுதியில் 1968-ல் ஒரு மாபெரும் சோதனையைத் தொடங்கினார்கள். 1971 வரை 2,80,000-க்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போடப்பட்டது, சிலருக்கு பி.சி.ஜி.; சிலருக்கு ஒன்றும் செய்யாத வெறும் மருந்து. ஜனங்களின் தோலில் இரண்டு சோதனை ஊசிகளும் குத்திப் பார்த்தார்கள். ஒன்று க்ஷயக் கிருமியிலிருந்து எடுத்த சத்து. மற்றொன்று, ஜார்ஜியாவில் பார்த்தோமே, அந்தப் பாட்டிக் கிருமியிலிருந்து எடுத்த சத்து. ஏற்கெனவே அந்த இனத்துக் கிருமியோடு பரிச்சயம் உள்ள உடம்பாக இருந்தால் குத்திய இடம் தடித்து வீங்கும்.

இளம் பிள்ளைகளைத் தாண்டிய வயதினரில் அநேகமாக எல்லோருக்கும் பாட்டிக் கிருமியின் ஊசி தடித்தது! ரோம் என்ற ஊரின் பெயரைக்கூடக் கேட்டிராத கிராமத்து ஜனங்களுக்கு அந்தக் கிருமியின் சொந்தக்காரர்களோடு பிறந்ததுமுதல் பழக்கம் இருந்திருக்கிறது. பின்னால் அந்தப் பகுதியில் தண்ணீர், மண், தூசி, ஜனங்களின் சளி ஆகியவற்றை எடுத்துப் பயிர் செய்தபோது இந்தக் குலத்துக் கிருமிகள் தாராளமாகவே கிடைத்தன.

1979-ல் சோதனையின் முடிவு வெளிவந்தபோது எல்லோரும் திகைத்துப்போனார்கள். நுரையீரல் க்ஷயத்தை பி.சி.ஜி. தடுத்ததாகவே தெரியவில்லை. ஏன்? இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அவற்றில் ஒன்று இந்தப் பங்காளிகளைப் பற்றியது. மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள கிருமிகளோடு தினமும் பழகிய உடம்புக்கு ஏற்கெனவே கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்திருக்கும். அதற்கு மேல் ஊசி போட்டால் புதிதாகச் சேர்வது குறைவு. கினிப் பன்றிகளை வைத்து அமெரிக்காவில் பாமரும் லாங்கும் 1966-லேயே இப்படி ஒரு முடிவைச் சொல்லியிருந்தார்கள். விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சலாக வரும் கொடிய க்ஷயத்தை பி.சி.ஜி. தடுக்கிறது என்பதால், பிறந்த சிசுவுக்கு அதைப் போடும் வழக்கம் நம் நாட்டில் இன்றும் தொடர்கிறது. ஆனால் போலி என்று ஒதுக்கிய கிருமிகள், தாங்கள் வியாதி உண்டாக்காத இடத்தில்கூட எவ்வளவு பெரிய காரியத்தை நடத்திவிடக்கூடும் என்பதைத் திருவள்ளூர்ச் சீமை உலகத்துக்குக் காட்டிவிட்டது.

எய்ட்ஸ் என்ற நோய் 1981-ல் வெளிப்பட்டபோது, எதிர்ப்புச் சக்தி அழிந்துபோன உடம்புகளில் ஏவியம் கிருமி ரத்தத்திலேயே கலந்து பரவியது. இதனால், எதிர்ப்புச் சக்தி கெட்டவர்களுக்கும், புகை பிடித்தோ பழைய க்ஷயத்தாலோ நுரையீரல் கெட்டவர்களுக்கும்தான் இந்த வியாதி வரும் என்ற எண்ணம் வலுத்தது. 1989-ல் பிலடெல்பியா டாக்டர்கள் அதையும் கலைத்தார்கள். வேறு எந்த நோயும் இல்லாதவர்களுக்கும், அதிலும் முக்கியமாக வயதான பெண்களுக்கு, இது வருகிறது என்று காட்டினார்கள்.

1992-ல் ரீச், ஜான்ஸன் என்ற இருவர் இந்தப் பெண்களின் நோய்க்கு ஒரு நாடகப் பெயரே சூட்டிவிட்டார்கள்: 'லேடி விண்டர்மியர்' நோய். ஆஸ்கார் வைல்ட் எழுதி 1892-ல் மேடையேறிய நாடகத்தின் கதாநாயகி அவள். நாலு பேர் நடுவில் இருமுவது மரியாதை அல்ல என்று இருமலை அடக்கி அடக்கியே இந்தப் பெண்களின் நுரையீரலில் சளி தேங்கி, கிருமி குடியேறுகிறது என்பது அவர்களுடைய ஊகம். நாடகத்திலோ அந்த லேடி துடிப்பான இளம்பெண். இருமுவதுமில்லை, இருமலை அடக்குவதுமில்லை. ஊகமும் நிரூபணமாகவில்லை. இலக்கியத்தைக் கடன் வாங்குகிற டாக்டர்கள் புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பார்த்தால் நல்லது என்று தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பெயரால் ஒரு நன்மை விளைந்தது. ஒல்லியான, வயது முதிர்ந்த, விடாமல் இருமுகிற பெண்மணியைக் கண்டால், 'வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி அனுப்பாமல், சளியைப் பயிர் செய்து பார்க்க வேண்டும் என்ற நினைப்பு டாக்டர்களுக்கு வந்தது.

இன்று இந்தக் குலத்தில் 190-க்கு மேற்பட்ட இனங்களை எண்ணிவிட்டார்கள். மனிதனுக்கு வியாதி தருபவை அவற்றில் கொஞ்சந்தான். பழைய ஆபத்து, போலியை க்ஷயம் என்று நினைப்பது. இப்போது எதிர்ப்பக்கத்து ஆபத்து ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சளியில் ஒரு முறை இந்தக் கிருமி அகப்பட்டதும் அதுதான் வியாதி என்று முடிவு கட்டிவிடுவது. குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுச் சளி கொடுத்தால்கூடக் கிருமி கூடவே வந்து சேரலாம். ஆகையால் டாக்டர்கள் மூன்று சாட்சிகள் கேட்கிறார்கள். முதலாவது, நோயாளிக்கு இருமல், களைப்பு, மெலிவு போன்ற தொல்லை இருக்க வேண்டும். இரண்டாவது, நுரையீரல் படத்தில் அதற்கேற்ற மாறுதல் தெரிய வேண்டும். மூன்றாவது, வெவ்வேறு நாளில் எடுத்த சளியில் இரண்டு தடவையாவது அதே கிருமி முளைக்க வேண்டும். அல்லது நுரையீரலுக்குள்ளிருந்தே கழுவி எடுத்த நீரில் ஒரு தடவை கிடைக்க வேண்டும். அதோடு இது க்ஷயம் அல்ல என்றும் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். க்ஷயக் கிருமியின் மரபணுவைச் சில மணி நேரத்தில் தேடிச் சொல்லும் கருவியை உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ல் அங்கீகரித்தது. சாயத்தில் சிவப்புக் குச்சி தெரிகிறது, கருவி மட்டும் க்ஷயம் இல்லை என்கிறது என்றால், பங்காளி வந்திருக்கிறான் என்று சந்தேகிக்க வேண்டும்.

மருந்துக் கதை பொறுமையைச் சோதிக்கிற கதை. ஏவியம் வகைக்கு 1990-களில் கிளாரித்ரோமைஸின், அஸித்ரோமைஸின் என்ற மருந்துகள் புது வழி திறந்தன. அவற்றில் ஒன்றோடு எதம்பூட்டாலும் ரிஃபாம்பிஸினும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். எவ்வளவு காலம்? சளியில் கிருமி மறைந்த பிறகும் பன்னிரண்டு மாதம். அந்த முதல் மருந்தைத் தனியாக மட்டும் கொடுத்துவிட்டால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் மீள்வது கஷ்டம். கான்ஸஸி அவ்வளவு பிடிவாதக்காரன் அல்ல. ரிஃபாம்பிஸினைக் கொண்ட கூட்டு மருந்துக்கு நன்றாகவே பணிகிறான். எல்லோரையும்விடப் பொல்லாதது 'அப்ஸெஸஸ்' என்ற வேகப் பயிர். வாய்வழி மருந்துகள் பலவற்றை அது மதிப்பதில்லை. நரம்பு வழியாக மாதக்கணக்கில் ஊசி மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. மறுபுறத்தில், வியாதி லேசாக உள்ள சிலருக்கு உடனே மருந்தைத் தொடங்காமல், சளியை வெளியேற்றும் பயிற்சியும் நல்ல உணவும் கொடுத்து, அடிக்கடி சோதித்துக்கொண்டே காத்திருப்பதும் உண்டு.

அப்ஸெஸஸ் பற்றி ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லண்டனில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. பிறவியிலேயே நுரையீரலில் கெட்டிச் சளி கட்டும் நோய். இரண்டு நுரையீரலையும் மாற்றி வைத்தார்கள். அதற்குப் பிறகு அப்ஸெஸஸ் கிருமி உடம்பெங்கும் பரவிவிட்டது. மருந்துகள் எல்லாம் கைவிட்டன. கிருமியைத் தின்னும் நுண்கிருமிகள் என்று ஓர் இனம் உண்டு. அவற்றை ஆயிரக்கணக்கில் சேகரித்து வைத்திருந்த பிட்ஸ்பர்க் பேராசிரியர் ஹாட்ஃபுல் உதவிக்கு வந்தார். அப்பெண்ணின் கிருமியைக் கொல்லக்கூடிய மூன்றைத் தேர்ந்தெடுத்து ஊசியில் ஏற்றினார்கள். காயங்கள் ஆறத் தொடங்கின, ஈரல் சீர்பட்டது, அவள் வீடு திரும்பினாள். 2019-ல் இந்த விவரம் வெளியாயிற்று. அந்த மூன்றில் ஒன்று எங்கே கிடைத்தது தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் 2010-ல், மண்ணில் கிடந்து அழுகிய ஒரு கத்தரிக்காயின் அடிப்பக்கத்தில்! வியாதியும் மண்ணிலிருந்து வந்தது. மருந்தும் மண்ணிலிருந்து வந்தது.

நம் நாட்டில் க்ஷயந்தான் இன்றும் பெரிய வியாதி. இருமிக்கொண்டு வருகிறவரைப் பார்த்ததும் டாக்டர் முதலில் அதை நினைப்பது முற்றிலும் நியாயம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது, 'எனக்கு வந்திருப்பது க்ஷயமல்ல, பங்காளிக் கிருமி' என்று தாமே முடிவு செய்து மருந்தை நிறுத்திவிட்டால் அதைவிடப் பெரிய விபரீதம் இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டும் மாதங்கள் போய்க்கொண்டேயிருக்கின்றன, இருமல் நிற்கவில்லை, சளியில் சிவப்புக் குச்சி மறையவில்லை என்றால், அப்போது இரண்டாவது கேள்வி ஒன்று கேட்க வேண்டும். மருந்துக்கு அடங்காத க்ஷயம் என்று இன்னும் கடுமையான மருந்துகளுக்குப் போவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது.

"டாக்டர், சளியைப் பயிர் செய்து, இது எந்தக் கிருமி என்று பார்த்துவிட்டீர்களா?"

மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ரன்யனும் கான்ஸஸ் நகரத்து டாக்டர்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைத்த அன்று, எங்கோ ஒரு வீட்டில் தனியாக ஒதுக்கி வைத்திருந்த தம்ளர் மற்றத் தம்ளர்களோடு திரும்பவும் சேர்ந்துகொள்ளும்.